வட்டை 100 ஜிபி ஆக்கியும் 19 ஜிபியே தெரிவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-யில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் உபுண்டு சர்வர் மெய்நிகர் கணினியின் 40 ஜிபி வட்டு நிரம்பிவிட்டது. அளவை மாற்றும் பெட்டி முதலில் மங்கிக் கிடந்தது. பழைய ஸ்னாப்ஷாட்டை (கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது) நீக்கிய பிறகு 100 ஜிபி என மாற்ற முடிந்தது. ஆனால் உள்ளே, இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளை இன்னமும் 19 ஜிபி என்றும், அதுவும் முழுக்க நிரம்பிவிட்டது என்றும் காட்டுகிறது. பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) நீட்டும் குரோபார்ட் கட்டளையை இட்டால் இடமில்லை என்று நின்றுவிடுகிறது. தரவை இழக்காமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் சொன்ன எண்களில் 19 என்பதுதான் விடை இருக்கும் இடம். உபுண்டு சர்வரின் நிறுவி, எல்விஎம் என்ற, வட்டின் இடத்தை வால்யூம்களாகப் பகிர்ந்து பின்னர் நீட்டக்கூடிய முறையில் வட்டைத் தானாகப் பிரிக்கும்போது, கிடைக்கும் இடம் 20 முதல் 200 ஜிபிக்குள் இருந்தால் அதில் பாதியை மட்டுமே ரூட் வால்யூமுக்கு, அதாவது இயங்குதளம் இருக்கும் பகுதிக்குக் கொடுக்கிறது. மீதிப் பாதியைப் பின்னாளைய தேவைக்கென்று வால்யூம் குரூப் என்னும் பொது இருப்பில் ஒதுக்காமல் விட்டுவைக்கிறது. பூட் பகுதி போக எஞ்சிய சுமார் 38 ஜிபியில் சரிபாதிதான் நீங்கள் பார்க்கும் 19. அதாவது, வட்டை விரிக்கும் முன்பே இன்னொரு 19 ஜிபி உங்கள் கணினிக்குள் சும்மா கிடந்தது. விஜிஎஸ் கட்டளையை இட்டுப் பாருங்கள். வெளியீட்டின் கடைசியில் காலி இடமாக அது தெரியும். இந்தச் சிக்கலிலிருந்து உங்களை வெளியே கொண்டுவரப் போவதும் அந்த இடம்தான்.

இஎஸ்எக்ஸ்ஐ-யில் செய்த மாற்றம் வட்டின் அளவை மட்டுமே தொடும். அதற்கு மேல் பார்ட்டிஷன், எல்விஎம்மின் பிசிக்கல் வால்யூம், லாஜிக்கல் வால்யூம், கோப்பு முறைமை என நான்கு அடுக்குகள் உள்ளன; ஒவ்வொன்றும் தன் அளவைத் தனியே குறித்து வைத்திருப்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே நீட்ட வேண்டும். எந்த அடுக்கில் நின்றிருக்கிறது என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளை ஒரே பார்வையில் காட்டிவிடும்: வட்டான எஸ்டிஏ 100 ஜிபி என்றும், அதன் மூன்றாம் பார்ட்டிஷனான எஸ்டிஏ3 38 ஜிபி என்றும், அதன் கீழே ரூட் வால்யூம் 19 ஜிபி என்றும் தெரிந்தால் நான் சொல்லும் நிலைதான். எஸ்டிஏ-வே இன்னும் 40 என்று காட்டினால், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) புதிய அளவைப் படிக்கவில்லை என்று பொருள். அப்போது வட்டை மறுவாசிப்புச் செய்ய வைக்க வேண்டும், அல்லது கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

குரோபார்ட் நின்றதற்குக் காரணம் வட்டு சிறியதாக இருப்பதன்று. அது தன் வேலைக்காக டெம்ப் கோப்பகத்தில் சிறு தற்காலிகக் கோப்புகளை எழுதுகிறது. அந்தக் கோப்பகமோ நிரம்பிவிட்ட ரூட் பகுதியிலேயே இருக்கிறது. பொதுவாக எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைத்திருக்கும். ரூட் உரிமை தரும் சூடோ போட்டும் எழுத முடியவில்லை என்றால் அந்த ஒதுக்கீடும் தீர்ந்திருக்கிறது, ஆகவே ரூட் உரிமையில் ஓடும் ஏதோ ஒன்றுதான் இடத்தைத் தின்கிறது. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் என் சந்தேகம் முதலில் அதன் பதிவுக் கோப்புகள் மீதுதான் விழும். அதன் இயல்பான அமைப்பில் அவற்றுக்கு அளவு வரம்பே கிடையாது.

எனவே வழக்கமான வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் ஆப்ட் கிளீன் கட்டளையால் தரவிறக்கிய பொதிகளை அழித்து, ஜர்னல் எனும் கணினிப் பதிவுகளையும் குறைத்து, சில மெகாபைட்டாவது விடுவியுங்கள். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பை நீக்கினால் இடம் திரும்பாது. அதன் உள்ளடக்கத்தை மட்டும் பூஜ்ஜியமாக்க வேண்டும். அடுத்து, லாஜிக்கல் வால்யூமை நீட்டும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை ஆர் விருப்பத்துடன் இட்டு, ஏற்கெனவே காலியாக உள்ள 19 ஜிபியிலிருந்து 10 ஜிபியை ரூட் வால்யூமுக்குக் கொடுங்கள். ஆர் விருப்பம் கோப்பு முறைமையையும் கூடவே நீட்டிவிடும். அதை மறந்துவிட்டு, வால்யூம் பெரிதாகியும் டிஎஃப் மாறவில்லையே என்று குழம்புபவர்கள் ஏராளம். சில மெகாபைட்டை விடுவிக்கச் சொன்னதும் இந்தப் படிக்காகத்தான், ஏனெனில் எல்விஎம் தன் பழைய அமைப்பின் நகலை ஈடிசி கோப்பகத்தில் எழுத முடியாவிட்டால் வேலையைத் தொடங்கவே மறுக்கும்.

இப்போது மூச்சுவிட இடம் கிடைத்துவிட்டது. இஎஸ்எக்ஸ்ஐ-யில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, குரோபார்ட்டை மீண்டும் இடுங்கள். வட்டின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண் 3-க்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பிறகு எஸ்டிஏ3 மீது, பிசிக்கல் வால்யூமை நீட்டும் பிவிரீசைஸ் கட்டளை, அதன்பின் மறுபடியும் எல்விஎக்ஸ்டெண்ட். இவை அனைத்தையும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். பார்ட்டிஷன்களைக் கையாளும் பார்ட்டட் கருவியைத் திறந்தால், வட்டின் முழு இடமும் பயன்படுத்தப்படவில்லை, சரிசெய்யவா என்று அது கேட்கக்கூடும். பார்ட்டிஷன்களின் விவரம் கொண்ட ஜிபிடி அட்டவணையின் பிரதி பழைய 40 ஜிபி எல்லையிலேயே இருப்பதால் எழும் கேள்வி அது. சரி என்று தயங்காமல் சொல்லலாம். முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அது டேட்டாஸ்டோரில் (இஎஸ்எக்ஸ்ஐ-யின் சேமிப்பிடத்தில்) வளர்ந்துகொண்டே போகும்.

காலி இடம் முழுவதையும் ரூட்டுக்கே கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஓடும் கணினியில் எக்ஸ்ட்4-ஐ நீட்டலாமே தவிரச் சுருக்க முடியாது. 20 ஜிபியைக் கையிருப்பில் வைத்தால் நாளை வேறொரு வால்யூமுக்கும் அது உதவும்.

எல்விஎம் இல்லாத கணினியில் இதே சிக்கல் வந்தால், டெம்ப் கோப்பகத்தின் மீது 10 எம்பி அளவில் நினைவகத்தில் இயங்கும் ஒரு டெம்ப்எஃப்எஸ்-ஐத் தற்காலிகமாக மவுண்ட் செய்துவிட்டு குரோபார்ட்டை இடலாம். அதன்பின் எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ். விண்டோஸ் கணினிகளில் தடை வேறு மாதிரியானது: சி டிரைவுக்கும் புதிய இடத்துக்கும் நடுவே ரிக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதால் நீட்டிக்கும் தேர்வு மங்கியே இருக்கும். ரீஏஜென்ட்சி கட்டளையால் ரிக்கவரியை முடக்கி, டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை நீக்கிய பிறகே சி டிரைவை நீட்ட முடியும்.