டெங்குவுக்குப் பிறகு மறுபடியும் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. வேலூர் வேலப்பாடியில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை. சென்ற ஆகஸ்டில் கோட்டை மைதானத்தில் ஓடப் பழகினேன். பத்தாவது வாரத்தில் நிற்காமல் 20 நிமிடம் ஓட முடிந்தது. நவம்பரில் டெங்கு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்தேன். 38 ஆயிரத்துக்கு இறங்கிய தட்டணுக்கள் இப்போது 2 லட்சத்து 10 ஆயிரம். காய்ச்சல் விட்டு நான்கு வாரம் ஆனதும் பழையபடி ஓடப் போனேன். மூன்றாவது நிமிடமே மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. அன்று முழுவதும் எழுந்திருக்க முடியவில்லை. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. “காய்ச்சல் கண்ட உடம்பு, இனி ஓட்டமெல்லாம் வேண்டாம்” என்கிறார் என் மாமியார். பட்ட பாடெல்லாம் வீண்தானா? விட்ட நாட்களை எப்படி ஈடுகட்டுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பட்ட பாடு வீண் போகவில்லை. நீங்கள் மறுபடியும் ஓடுவீர்கள். ஆனால், விட்ட நாட்களை ஈடுகட்டும் கணக்கை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காய்ச்சலுக்குப் பின் ஓடப்போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான்.

தட்டணுக்கள் ஏறிவிட்டன என்றால் ரத்தக்கசிவு அபாயம் நீங்கிவிட்டது என்று பொருள். ஓடுவதற்கு உடம்பு தயாரா என்பதை அந்த எண் சொல்லாது. படுக்கையில் விழுந்த சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. அந்தக் குறையைச் சரிக்கட்ட அது வேகமாகத் துடித்தாக வேண்டும். உங்களுக்கு மூன்றாவது நிமிடத்தில் வந்த படபடப்புக்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். நோய் எதுவும் இல்லாமலே, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிது என்று தெரிந்தது. உங்களுக்கோ படுக்கையோடு காய்ச்சலும் சேர்ந்தது. ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள்: படுக்கையை விட்டு எழுந்தபின் சுமார் எட்டு வாரப் பயிற்சியில் அந்த இளைஞர்கள் இழந்ததை மீட்டுவிட்டார்கள்.

ஷூவை மாட்டுவதற்கு முன் இரண்டு பரிசோதனைகள் செய்துகொள்ளுங்கள். ஒன்று ஹீமோகுளோபின். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, தேநீரோடு சேர்த்து விழுங்காதீர்கள். அவை சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டாவது இசிஜி. டெங்கு உட்பட வைரஸ் காய்ச்சல்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் லேசாக வந்து தானே ஆறிவிடும். ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்த பிறகும் அடங்காத படபடப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தைப் பற்றி நினைக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கவேண்டியிருக்கும். அழற்சி உறுதியானால் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உழைப்பு கூடாது.

இரண்டிலும் குறையில்லை என்றால், நடையிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் 20 நிமிடம், அடுத்த வாரம் 30 நிமிடம். நடந்த மறுநாள் உடம்பு வழக்கம்போல இருந்தால் மூன்றாவது வாரம் ஓட்டத்தைக் கலக்கலாம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒவ்வொரு ஓட்ட நாளுக்கும் இடையே ஒரு நாள் ஓய்வு கட்டாயம். எளிதாக வந்தால் அடுத்த வாரம் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். வராவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். வேகம் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஓடும் தோழியிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு அறுபடாமல் பேச வர வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஓடலாமா என்பதை உங்கள் நாடி சொல்லும். காலையில் விழிப்பு வந்ததும் எழுந்திருக்காமல் அப்படியே படுத்திருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, படுக்கையருகே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒருநாள் அது பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்று ஓடாதீர்கள். கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரம் காட்டும் நாடி எண்ணைவிட, உங்கள் விரலால் எண்ணியதை நான் அதிகம் நம்புவேன். எண்ணும் அந்த அரை நிமிடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் நீங்கள் கவனிப்பீர்கள்.

எனக்கு உண்மையான கவலை முதல் வாரத்தைப் பற்றியது அல்ல, ஐந்தாறு வாரம் கழித்து வரும் நாட்களைப் பற்றியது. இதயமும் மூச்சும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டும்போது கால் மாட்டிக்கொள்கிறது. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகியவர். டைபாய்டு வந்து ஒரு மாதம் விட்டுப்போனதும், அந்த ஒரு மாதத்தையும் மூன்று வாரத்தில் பிடித்துவிடப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரிடத்தில் என் விரல் பட்டதுமே காலை இழுத்துக்கொண்டார். எலும்பில் மயிரிழை விரிசல். இரண்டு மாதம் ஓட்டமே இல்லாமல் போயிற்று. வலியோடு ஓட அவர் தினமும் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கியிருந்தார் என்பதுதான் என்னை இன்னும் பதறவைத்தது. வலியை மறைத்துக்கொண்டு ஓடாதீர்கள்; வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் தாக்கும். மறுபடி காய்ச்சல் கண்டாலும் பாரசிட்டமால் மட்டுமே.

முடி கொட்டுவது பெரும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் வருவதுதான். தானே நிற்கும், திரும்ப வளரும்.

உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாம் முறை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு மும்முரமாகக் கடிப்பது சூரியன் உதித்தபின் சில மணி நேரமும், மறைவதற்கு முன் சில மணி நேரமும். நாம் ஓடப் போகும் நேரமும் அதுதான். ஆகவே கணுக்கால் மூடிய காலுறை, முழுக்கால் உடை, வெளியே தெரியும் தோலில் கொசுவிரட்டிக் களிம்பு. கோட்டை அகழியைக் குறை சொல்லாமல் உங்கள் மொட்டை மாடியைப் பாருங்கள். மூடாத டிரம், தொட்டிச் செடியின் அடித்தட்டு, பழைய டயர் போன்றவற்றில்தான் அது விரும்பி முட்டையிடும்.

இப்போது ஜனவரி. காலையில் குளிர்ச்சி இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் வேண்டும். படுத்து எழுந்த உடம்பு அந்தப் பழக்கத்தையும் இழந்திருக்கும். மார்ச் பிறந்ததும் ஆறரை மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் நடை மட்டும் போதும். ஹீமோகுளோபின் முடிவு வந்ததும், ஒரு வார நாடிக் கணக்கையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் மாமியாரும் சேர்ந்து நடக்க வருவார் என்றால் முதல் இரண்டு வாரம் அவரையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள்.