டால்பின் நெற்றியும் மீயொலியும்: கேள்வி பதில்

டால்பின் நெற்றிக் கொழுப்பு லென்ஸ் போல வேலை செய்கிறது என்கிறார்களே, அதை எப்படி அளந்தார்கள்?

அந்தக் கொழுப்பு மேட்டுக்கு மெலன் என்று பெயர். 1974-இல் நாரிஸ், ஹார்வி என்ற ஆய்வாளர்கள் இருவரும் புட்டிமூக்கு டால்பினின் மெலனில் ஒலி வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். உள்ளே வினாடிக்கு சுமார் 1,270 மீட்டர் வரை இறங்கியது. வெளிப்புறத்தில் 1,680 வரை ஏறியது. கடல்நீரில் ஏறத்தாழ 1,500. வேகம் குறைந்த பக்கமாகத்தான் ஒலி வளையும். எனவே சிதறப் பார்க்கும் ஒலி நடுவை நோக்கி மடங்குகிறது.

அளக்கும் முறை எளிது. திசுத் துண்டின் ஒரு பக்கம் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை, அனுப்பும் முனை, மறுபக்கம் வாங்கும் முனை. தடிமனை நேரத்தால் வகுத்தால் வேகம். 30 மில்லிமீட்டர் துண்டைக் கடக்க 1,500 வேகத்தில் 20 மைக்ரோவினாடி. 1,300 வேகத்தில் 23. வித்தியாசமே அவ்வளவுதான்! கொழுப்பு மெத்தென்றிருக்கும், தடிமன் அளக்கும் காலிப்பரைச் சற்று அழுத்தி ஒரு மில்லிமீட்டர் தவறவிட்டால் வேகத்தில் 50 மீட்டர் பிழை. வெப்பநிலையையும் குறியுங்கள். சூடேறினால் கடல்நீரில் வேகம் கூடும், கொழுப்பில் குறையும்.

அம்பர் கிலோ என்ன விலை?

எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருளைத்தானே கேட்கிறீர்கள்? இந்தியாவில் அதை விற்பது குற்றம். அடுத்தவர் கேட்கலாம்.

கரையொதுங்கிய டால்பினின் திசு போதுமா?

அனுமதி பெற்றிருந்தால், அழுகுவதற்குள். அழுகினால் வாயு சேரும். வாயுவைக் கண்டால் மீயொலி திரும்பிவிடும். வெப்பநிலையை மறக்காதீர்கள்.

நான் ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கருவி எல்லாவற்றுக்கும் 1,540 என்றே வைத்துக்கொள்கிறது. எதற்கு இவ்வளவு அலட்டல்?

அது மனித மென்திசுக்களின் சராசரி. கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. தூரம் அதன் கணக்கு. 1,450 வேகமுள்ள தோலடிக் கொழுப்பில் 50 மில்லிமீட்டரை 53 என்று காட்டும். அந்தத் தடிமனை வைத்து உடல் மெலிவைக் கணித்தால், மெலிந்த திமிங்கிலம் கொழுத்துவிடும்!

எல்லா விலங்கிலும் அதே 6 சதவீதப் பிழை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாமே?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. பாதி ஒப்புக்கொள்கிறேன்: பிழை ஒரே அளவாக இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் தோலடிக் கொழுப்பின் மேலடுக்கும் உள்ளடுக்கும் ஒன்றல்ல. பட்டினி கிடக்கும் விலங்கில் அதன் சேர்மானமும் மாறும். நாம் கண்டுபிடிக்க நினைக்கும் விலங்கிலேயே பிழையும் மாறினால் என்ன செய்வீர்கள்?

டால்பினுக்குக் காது எங்கே?

காதுத்துளை ஊசிமுனை அளவுதான். ஒலி பெரும்பாலும் கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக உட்காதுக்குப் போகிறது.

அம்பர் உண்மையானதா என்று மீயொலியில் தெரியுமா?

அம்பருக்கு இங்கே பதில் இல்லை.

என் மாதிரியில் 1,420 வந்தது. சரியா?

எத்தனை டிகிரியில்?