பெரிய ரிசீவருக்கு முன்னால் நல்ல சென்டர் ஸ்பீக்கர்

கேள்வி: வணக்கம் ஐயா. ஈரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடியில் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஓர் அறையை ஹோம் தியேட்டருக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பூச்சு வேலை இன்னும் முடியவில்லை. டிவி தனியாக வாங்கியாகிவிட்டது. ஒலிக்கு மட்டும் பத்து லட்சம் வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறோம். பாதிப் பணத்தை ரிசீவரில் போடுங்கள், ரிசீவர் பெரிதாக இருந்தால் எந்த ஸ்பீக்கரும் நன்றாகப் பாடும் என்கிறார் கடைக்காரர். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓடிடியில் வரும் தமிழ், மலையாளப் படங்கள். வசனம் வரும்போது சத்தத்தைக் கூட்டி, சண்டை வரும்போது குறைத்து, ரிமோட்டைக் கீழே வைக்காமல் படம் பார்க்கிறோம். எந்த ரிசீவர், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் சொன்ன வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். முதலில் அறை, அடுத்து முன்னால் நிற்கும் மூன்று ஸ்பீக்கர்கள் (இடது, வலது, நடுவில் சென்டர்), அப்புறம் அடி ஒலிக்கான சப்வூஃபர், கடைசியில் ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். ரிசீவரில் எச்டிஎம்ஐ தரம் மாறும், புதுப்புது ஒலி வடிவங்கள் வரும், ஏழெட்டு வருடத்தில் மாற்றத் தோன்றும். சீக்கிரம் பழசாகிற பொருளில் பாதிப் பணத்தை முடக்க வேண்டாம்.

பூச்சு முடியாத அறை கையில் இருப்பது பெரிய வசதி. நம் வீடுகள் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், விட்ரிஃபைட் டைல்ஸ் என்று ஆறு பக்கமும் கெட்டியானவை. அறை முடிந்ததும் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஓசை ஒரு நொடி சுற்றிச் சுற்றி வரும். வசனம் புரியாமல் போவதில் இந்த எதிரொலிக்குப் பெரிய பங்கு உண்டு. 'க', 'ச', 'த' போன்ற மெய்யெழுத்துகள் மிகக் குறுகிய ஓசைகள். முந்தைய உயிரெழுத்தின் எதிரொலி அடங்கும் முன்பே அவை வந்துவிடுவதால் அதற்குள் மூழ்கிப் போகின்றன. எத்தனை லட்சம் ரூபாய் ரிசீவராலும் இதைச் சரிசெய்ய முடியாது. தியேட்டர்களில் ஒலிச் சாதனங்களைப் பராமரிக்கும் வேலையில் பல காலம் இருந்தவன் நான். அங்கே சுவர் முழுவதும் துணிக்குப் பின்னால் பஞ்சு இருக்கும். வீட்டில் அவ்வளவு தேவையில்லை, ஆனால் கொஞ்சமாவது வேண்டும்.

இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்களில் நான்கு அங்குலத் தடிமன் ராக்வூல் (பாறையிலிருந்து செய்த பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றி மாட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, நீங்கள் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இன்னொருவர் சுவரையொட்டி ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது. பின்சுவருக்கும் இதே பலகைகள் போதும். தரைக்குக் கனமான கம்பளம் வேண்டும். பவானி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஜமக்காளம் இதற்கு மெல்லியது. முட்டை அட்டை வடிவ ஃபோமை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உச்ச ஸ்தாயியை மட்டும் உறிஞ்சும், அறை மந்தமாகவும் குழப்பமாகவும் ஒலிக்கும்.

இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். அறையின் சரி நடுவிலும் வேண்டாம். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள அடி ஒலி சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, நின்று அலையும். அந்த ஒலி சுவரோரத்தில் வீங்கும், நடுவில் காணாமல் போகும். முன்சுவரிலிருந்து பத்து, பத்தரை அடியில் உட்காருவது நல்லது.

இனி ஸ்பீக்கர். படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அப்படியிருந்தும் பலர் இடது, வலதுக்கு ஆளுயர டவர் வாங்கிவிட்டு, சென்டருக்கு டிவிக்கு அடியில் நுழைகிற மாதிரி சின்னப் பெட்டியாகப் பார்க்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. படுக்கைவாட்டில் கீழ் ஒலிக்கு இரண்டு வூஃபர், நடுவில் உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர் என்று வரும் சாதாரண சென்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு நன்றாகக் கேட்கும். பக்கத்து இருக்கைக்கு இரண்டு வூஃபரின் ஒலியும் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்ந்து, குரல் இருக்கும் பகுதியிலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஐந்து பேர் வரிசையாக உட்காரும் வீட்டில் மூன்று பேருக்கு வசனம் சன்னமாகிவிடும். ஆகவே, நடு ஒலிக்கான மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக இருக்கும் த்ரீவே (ஒலியை மூன்றாகப் பிரிக்கும்) சென்டர், அல்லது ட்வீட்டர் மிட்ரேஞ்சின் மையத்திலேயே பொருத்தப்பட்ட சென்டர், இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். இரண்டாவது வகைக்கு கெஃப் நிறுவனத்தின் ஆர் மெட்டா வரிசையின் ஆர்2 நல்ல உதாரணம். அதை எடுத்தால் இடது வலதுக்கு அதே வரிசையின் ஆர்3 போதும், டவர் தேவையில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேலையை எப்படியும் சப்வூஃபர்தான் செய்யப்போகிறது. மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால்தான் திரையில் நடப்பவரின் குரல் இடமிருந்து வலம் போகும்போது நிறம் மாறாது. சென்டரை டிவிக்குக் கீழே வைத்தால் காதை நோக்கிச் சற்றே மேல்பக்கம் சாய்த்து வையுங்கள்.

சப்வூஃபர் ஒன்று பெரிதாக வாங்குவதைவிட நடுத்தரமானதாக இரண்டு வாங்குங்கள். சத்தம் கூடுவது இதில் சின்ன லாபம்தான். எல்லா இருக்கைக்கும் அடி ஒலி ஒரே மாதிரி போய்ச் சேர்வதற்காகத்தான் இரண்டு. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்பகுதியில் இரண்டு சப்வூஃபர் வைப்பது மிகச் சிக்கனமான, நல்ல ஏற்பாடு என்று காட்டினார். உங்கள் அறையில் முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. பூச்சுக்கு முன்பே பின்சுவருக்கு மின்சார பாயின்டும் சிக்னல் வயருக்கான குழாயும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ரிசீவர். பெட்டியின் மேல் '200 வாட்' என்று பெரிதாகப் போட்டிருப்பது, ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலி வழி) மட்டும் ஓட்டி, ஒலி சிதைகிற அளவுக்குத் தள்ளி எடுத்த கணக்காக இருக்கும். இரண்டு சேனல் ஓடும்போது, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். டெனான் நிறுவனத்தின் எக்ஸ்3800எச் ரிசீவரில் அது 105 வாட். அதற்கு மேல்படியான எக்ஸ்4800எச்சில் 125 வாட். வாட் இரட்டிப்பானால்தான் 3 டெசிபல் கூடும். இந்த இரண்டுக்கும் இடையே ஒலியளவில் ஒரு டெசிபல் வித்தியாசம்கூட இல்லை.

உங்கள் அறைக்கே கணக்குப் பார்ப்போம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வையுங்கள். 100 வாட்டில் 108. நீங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து சுமார் 2.6 மீட்டர், அதற்கு 8 டெசிபல் கழியும். காதில் 100 டெசிபல். தியேட்டர் அளவின் உச்சமே ஒரு சேனலுக்கு 105 டெசிபல்தான். வீட்டில் பெரும்பாலோர் அதைவிட 10, 15 டெசிபல் குறைத்துத்தான் கேட்கிறார்கள். உங்கள் அறைக்கு எக்ஸ்3800எச் ரிசீவரே தாராளம்.

எக்ஸ்3800எச்சை நான் சொல்ல வேறு காரணங்கள் இருக்கின்றன. அதில் ஒன்பது ஆம்ப்ளிஃபயர்கள் உள்ளேயே இருப்பதால் 5.1.4 அமைப்பு (காது மட்டத்தில் ஐந்து ஸ்பீக்கர், சப்வூஃபர், மேலே நான்கு) அப்படியே ஓடும். நான்கு சப்வூஃபர்களைத் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதி உண்டு. மைக் வைத்து அளவெடுத்து அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் ஆடிசி எக்ஸ்டி32 கூடவே வருகிறது, பிற்பாடு வேண்டுமானால் அதே வேலைக்கான டிராக் லைவ் உரிமத்தைப் பணம் கட்டிச் சேர்க்கலாம். மராண்ட்ஸ் சினிமா 50-யும் இதே குடும்பம்தான், தோற்றம் பிடித்தால் அதை எடுங்கள். கடைக்காரர் சொல்லும் ஐந்து லட்ச ரிசீவர் நல்ல பொருளாகவே இருக்கலாம். உங்கள் அறைக்கு அதனால் கிடைப்பது குறைவு.

பணத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: அறைக்கு 1 லட்சம், முன் மூன்று ஸ்பீக்கருக்கு மூன்றரை, பக்கவாட்டு இரண்டுக்கும் மேலே நான்குக்கும் சேர்த்து ஒன்றேகால், சப்வூஃபர் இரண்டுக்கும் 2, ரிசீவருக்கு 2, வயரிங்குக்குக் கால் லட்சம். ஏதாவது ஒன்றில் கூடினால் மேலே வைக்கும் நான்கில் குறையுங்கள், சென்டரில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். மகன் நியூஜெர்சியிலிருந்து தீபாவளிக்கு வருகிறான். அங்கே ரிசீவர் விலை மலிவாக இருக்கிறதாம், வாங்கிக்கொண்டு வரட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அங்கே விற்கும் ரிசீவர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் ஊரில் 230. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம் என்பார்கள். ஓடும். ஆனால் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது வெப்பமாகும், உறுமும், என்றாவது ஒருநாள் யாராவது தெரியாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகினால் ரிசீவர் அன்றோடு போய்விடும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டியும் கிடைக்காது. சப்வூஃபருக்குள்ளும் ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் அதற்கும் இதே கதைதான். சாதாரண ஸ்பீக்கருக்கு மின்சாரப் பிரச்சினை கிடையாது. சின்ன புக்‌ஷெல்ஃப் ஜோடி என்றால் கொண்டுவரலாம், சுங்க வரியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் எங்கள் வீடு கான்கிரீட் தளம். அட்மாஸுக்கு (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அமைப்பு) மேலே ஸ்பீக்கர் பதிக்க முடியாது. முன் ஸ்பீக்கரின் தலையில் வைத்து மேல்நோக்கிப் பாடும் வகை போதுமா?

பதில்: ஒலி தளத்தில் பட்டுத் திரும்பி மேலிருந்து வருவதுபோல் கேட்கட்டும் என்பதற்காகச் செய்தவை அவை. தட்டையான கான்கிரீட் தளம், பத்தடி உயரம் என்றால் ஓரளவு நன்றாகவே திரும்பும். உத்தரம் குறுக்கே போனால் கெடும். அலங்கார ஃபால்ஸ் சீலிங் பல படிகளாக இருந்தாலும் கெடும்.

ஆனால் நான் சொல்லும் வழி வேறு. சின்ன ஸ்பீக்கர்கள் நான்கை பிராக்கெட் வைத்து கான்கிரீட்டிலேயே நேராகத் திருகி, உட்காரும் இடத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள். இருக்கையிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது முன் ஜோடி சுமார் 45 டிகிரியில் இருக்கட்டும், பின் ஜோடி அதே அளவு பின்னால். வயரைத் தளத்தோடு கேசிங் பட்டையில் கொண்டுபோய் சுவர் நிறத்தில் வண்ணம் அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது. மேலே வைத்த உண்மையான ஸ்பீக்கருக்கும் எதிரொலிக்கும் வகைக்கும் உள்ள வித்தியாசத்தை மழைக்காட்சி ஒன்றிலேயே கேட்டுவிடலாம். கடலோர ஊர் என்பதால் துருப்பிடிக்காத ஸ்டீல் பிராக்கெட்டும் திருகுகளும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிறதே, வாங்கலாமா? - மதுரை வாசகர்

பதில்: தேவையில்லை. 14 கேஜ் தடிமன், முழுச் செம்பு வயர் போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரை மட்டும் தவிருங்கள்; வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மிச்சப் பணத்தை வீட்டு எர்த்திங்கைச் சரிபார்க்கச் செலவழியுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வசிக்கிறோம். நல்ல ரிசீவர், நல்ல ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. மைக் வைத்து அளவும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சென்டரில் ஒலி ஒழுங்காக வரவில்லை, வசனம் சன்னமாகவே இருக்கிறது. எங்கே கோளாறு சார்?

பதில்: படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' அல்லது 'டால்பி அட்மாஸ்' என்று வர வேண்டும். 'பிசிஎம்' அல்லது 'ஸ்டீரியோ' என்று வந்தால், டிவி ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள், இஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) இருந்தால் அதையும் இயக்குங்கள். எச்டிஎம்ஐ வயர் டிவியில் இஆர்க் என்று எழுதிய துளையில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எனக்கு வரும் இது போன்ற புகார்களில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஓடிடி சேவையிலும் நீங்கள் கட்டும் திட்டத்தைப் பொறுத்து அட்மாஸ் கிடைக்காமல் போகலாம், 5.1 வந்தாலே சென்டருக்கு வசனம் தனியாக வந்துவிடும்.

அது சரியாக இருந்தால், அடுத்து ஸ்பீக்கர் அமைப்புக்குப் போங்கள். அளவெடுத்த பிறகு ரிசீவர் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று, அதாவது அடி ஒலியையும் அவையே பாடும்படி, வைத்திருக்கக்கூடும். எல்லாவற்றையும் 'ஸ்மால்' ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடுங்கள். அடி ஒலியின் சுமை இறங்கியதும் சென்டர் குரலைச் சுத்தமாகச் சொல்லும். அளவெடுத்தபோது மைக்கை சோபா மேல் வைத்திருந்தார்கள் என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்: ஸ்டாண்டில், உட்கார்ந்தவர் காது உயரத்தில், மின்விசிறியும் ஏசியும் நிறுத்தி, ரிசீவர் கேட்கும் எல்லா இடங்களிலும். ரிசீவர் தரும் சென்டர் அளவை இரண்டு டெசிபல் கூட்டிக்கொள்வதில் தவறில்லை. இரவில் குறைந்த சத்தத்தில் பார்ப்பவர்கள் என்றால் டைனமிக் வால்யூமை 'லைட்' என்று வையுங்கள், சண்டைக்கும் கிசுகிசுப்புக்கும் உள்ள இடைவெளி குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவு வராவிட்டால் அறையின் அளவு, தரை, சுவர் விவரம், சென்டர் ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடத்தின் புகைப்படம் ஆகியவற்றை அனுப்புங்கள். டிவி அலமாரிக்கு உள்ளே தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றால், அனுப்பும் முன் பலகையின் விளிம்புக்கு முன்னே இழுத்து வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.