பேரன் தீற்றுவானா?

கேள்வி: காந்தியை அத்தனை அழகாக வரைந்த ஓவியர் ஆதிமூலம், பிற்பாடு வெறும் வண்ணத்தை அப்பி வைத்தது ஏன்? என் ஐந்து வயதுப் பேரனே இதைவிட நன்றாகத் தீற்றுவான். நவீன ஓவியம் என்பதே ஏமாற்றுதானே?
- ஒரு வாசகர், துறையூர்

பதில்: பேரனுக்கு என் வாழ்த்து. அவனிடம் ஒரு மைப்பேனாவைக் கொடுத்து முதலில் ஒரு காந்தி வரையச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி துறையூரிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. 1938இல் ஆதிமூலம் பிறந்த கீராம்பூர் உங்களுக்குப் பக்கத்து ஊர்.

சரி, அந்தக் காந்தி படம் ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குக்கு ஒரு கோடு, கன்னத்துக்கு ஒரு கோடு என்று தேடினால் கிடைக்காது. சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கோட்டின்மேல் கோடு ஓடும். நெருங்குகிற இடம் நிழல். தொடாமல் விட்ட வெள்ளைக் காகிதம்தான் மொட்டைத் தலையின் வெளிச்சம். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் கிழவர் வருவார். அதுவே நவீன ஓவியம்தான் ஐயா! காந்தி நூற்றாண்டான 1969இல் இப்படி நூறு படம் வரைந்தார். தெரிந்த முகம் என்பதால் அந்தக் கிறுக்கலை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து மன்னர்களை வரைந்தார். கிரீடம், மீசை, வாள் எல்லாம் இருக்கும். உள்ளே ஆள் உளுத்துக்கொண்டிருப்பார்.

'நடை', 'கசடதபற' போன்ற சிறுபத்திரிகைகளில் அவர் கை உண்டு. அதை விடுங்கள், ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) 'கரிசல் காட்டுக் கடுதாசி' படித்திருப்பீர்களே? பக்கத்தில் இருந்த படங்கள் யாருடையவை? இதே ஆதிமூலத்தினுடையவை. 'இது என்ன ஏமாற்று' என்று அப்போது கடிதம் போட்டீர்களா? வாரா வாரம் நவீன ஓவியம் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து போயிருக்கிறது.

இத்தனை வருஷம் கோடுகளைக் கட்டி ஆண்டவர், பிறகு உருவத்தைக் கழற்றிவிட்டு வண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கெட்டியாக அப்பிய ஒரு நிறத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நிறம் எட்டிப் பார்க்கும். அதில் என்ன உருவம் என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? அவர் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். நீங்களும் ஜவுளிக்கடைக்குப் போனவர்தான். அரக்கு உடம்புக்குப் பச்சைக் கரை எடுக்குமா என்று புடவையை விரித்துப் போட்டு அரை மணி நேரம் பார்க்கிறீர்களே, அங்கே என்ன உருவம் இருக்கிறது?

ஏமாற்றுக்காரர்கள் இல்லையா என்றால், உண்டு. அச்சு அசலாகச் சாமி படம் போடுகிறவர்களிலும் உண்டு.