லண்டனிலிருந்து நிதி தருகிறார்கள், எஃப்.சி.ஆர்.ஏ. இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்தில் சிறு அறக்கட்டளை நடத்துகிறோம். பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டாது. எங்களில் சிலர் மரண தண்டனை ஒழிப்புக் கூட்டங்களும் நடத்துகிறோம். லண்டனில் உள்ள ஓர் அறநிறுவனம் இரண்டு வேலைக்கும் சேர்த்து நிதி தரத் தயார் என்கிறது. எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை, நண்பரின் தொண்டு நிறுவனத்துக்கு இருக்கிறது. அவர் கணக்கில் வாங்கி எங்களுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. முன்பு மத்திய அரசின் அனுமதியோடு அப்படி மாற்ற ஒரு வழி இருந்தது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-வது பிரிவைத் திருத்தி அதை அடைத்துவிட்டார்கள். இப்போது பதிவு பெற்ற அமைப்பு இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்குக்கூட அந்தப் பணத்தைத் தர முடியாது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. சிக்கிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, பல ஆண்டு உழைத்துப் பதிவு வாங்கிய உங்கள் நண்பரும்தான்.

'ஆலோசனைக் கட்டணம்' என்று பில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். நன்கொடைக்குக் கட்டணம் என்று பெயர் வைத்தால் அது கட்டணம் ஆகிவிடாது. நண்பரின் நிறுவனமே திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, தன் ஊழியர்களை வைத்து உங்கள் பகுதியில் வேலை செய்தால் அது வேறு விஷயம். அப்போது பணமும் கணக்கும் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுடையவை. அதற்கு உங்கள் அறங்காவலர்கள் சம்மதிப்பார்களா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

நீங்களே நேரடியாக வாங்க வேண்டுமென்றால், முழுப் பதிவு இப்போதைக்குக் கிடைக்காது. அதற்கு மூன்று ஆண்டு செயல்பாடும், அந்த மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். உங்களுக்குத் திறந்திருப்பது முன் அனுமதி. ஒரு குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட தொகையை வாங்க மட்டும் உள்துறை அமைச்சகம் தரும் அனுமதி இது. எஃப்.சி. 3பி படிவத்தில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் நிறுவனத்திடமிருந்து தொகையும் நோக்கமும் தெளிவாக எழுதிய உறுதிக் கடிதம், திட்ட அறிக்கை, நிதி ஆயோக் தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் தர்பன் பதிவு எண், பொறுப்பாளர்களின் ஆதார் எண்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். உங்கள் தலைமைப் பொறுப்பாளர் அந்த லண்டன் நிறுவனத்திலும் பதவியில் இருக்கக் கூடாது. பணம் முதலில் வந்து சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு. அதற்காக தில்லிக்கு ரயில் ஏற வேண்டாம், உங்கள் ஊர் ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே திறக்கலாம். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட வரக் கூடாது என்று லண்டனுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நன்கொடையாளரின் நிலைமை. சில வெளிநாட்டு நிறுவனங்களை அமைச்சகம் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது, இதை முன் அனுமதிப் பட்டியல் என்றும் சொல்வார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை, அமைச்சகத்தைக் கேட்காமல் வங்கி விடுவிக்காது. குழந்தைகளுக்கு உதவி வந்த கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தப் பட்டியலில் சிக்கித்தான் 2017-ல் இந்தியாவில் கடையை மூடியது. நவீன அடிமைத்தனத்துக்கு எதிராக நிதி தரும் சில அமைப்புகளும் 2021-ல் இதில் சேர்க்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. உங்கள் துறைக்குப் பணம் தருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். 'இந்தியாவில் நீங்கள் முன் அனுமதிப் பட்டியலில் இருக்கிறீர்களா?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள். நல்ல நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

பட்ஜெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 2020-க்கு முன் இது 50 ஆக இருந்தது. வாடகை, கணக்காளர் ஊதியம், பொறுப்பாளர் ஊதியம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சட்டக் கட்டணங்களும் விதிகளில் நிர்வாகச் செலவாகவே வருகின்றன. உங்கள் வேலையில் பாதி வழக்கு வேலை: கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழ் வாங்குவது, முதலாளி மீதான வழக்கைத் தொடர்வது. ஆகவே பயனாளிகளுக்காக வைக்கும் வழக்கறிஞர் செலவைத் திட்டச் செலவாகக் காட்ட முடியுமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். பணம் வந்தபின் பேசினால் தாமதம். அப்புறம், மீட்கப்பட்டவருக்கு அரசு தரும் மறுவாழ்வுத் தொகையை (வயதுவந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம்) உங்கள் திட்ட வருமானமாக எழுதிவிடாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் பணம்.

சரி, மரண தண்டனை ஒழிப்பு. இதை இந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. சட்டத்தில் நேரடித் தடை இல்லை. அரசியல் நோக்கமில்லாத பொதுப் போராட்டத்தை வைத்து ஓர் அமைப்புக்கு 'அரசியல் தன்மை' முத்திரை குத்தக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இருக்கிறது. ஆனால் கோப்பைப் படிக்கும் அதிகாரி முன்னால் மறுவாழ்வுத் திட்டமும் தண்டனைச் சட்ட மாற்றப் பிரச்சாரமும் ஒரே உறையில் போனால், இரண்டாவது முதலாவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தவிர, இந்தத் துறைக்கு நிதி வேறு மாதிரி வருகிறது. அமெரிக்கக் கொடையாளர் சக் ஃபீனியின் அட்லாண்டிக் ஃபிலான்த்ரபீஸ் அறநிறுவனம் அமெரிக்காவில் மரண தண்டனை ஒழிப்புக்கு 6.2 கோடி டாலர் கொடுத்தது. அந்த நிறுவனம் இருப்பு முழுவதையும் கொடுத்துத் தீர்த்து 2020-ல் மூடப்பட்டது. அந்த அளவில் கொடுக்க வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை. இந்தியாவில் உருப்படியாக நடந்தது பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வும் சட்ட உதவியும். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் 2014-ல் தொடங்கிய குழு, மரண தண்டனைக் கைதிகள் 373 பேரின் விவரங்களைத் திரட்டி 2016-ல் அறிக்கை வெளியிட்டது. உங்கள் கூட்டங்களுக்குத் தேவைப்படுவது மண்டப வாடகையும் துண்டறிக்கைச் செலவும்தானே? அதை உள்ளூர் நன்கொடையில் நடத்துங்கள்.

லண்டனை விட்டால் வேறு வழிகளும் உண்டு. நவீன அடிமைத்தனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரடியாகச் சட்ட, மருத்துவ, மனிதாபிமான உதவி செய்யும் அமைப்புகளுக்கென்றே ஐ.நா. 1991-ல் ஒரு தன்னார்வ நிதியம் உருவாக்கியது. உங்களைப் போன்ற சிறு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். ஐ.நா. இந்தச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் நிதிக் கடிதத்தை வங்கியிடமும் ஆடிட்டரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் வேண்டுமானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு சி.எஸ்.ஆர். 1 படிவமும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் 'மீட்பு', 'வழக்கு' என்றாலே ஒதுங்குவார்கள். மீட்கப்பட்ட பிள்ளைகளின் படிப்பு, ஆடு வளர்ப்பு, தையல் என்று கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய இந்தியப் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே ஊரில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய அண்ணன் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு அரசு தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களிடம் உள்நாட்டுக் கணக்கில் வாங்கி, நேர்மையாகச் செலவு செய்து, தணிக்கை செய்து வாருங்கள். மூன்றாண்டுச் செலவு 15 லட்சத்தைத் தொடும்போது முழுப் பதிவுக்கே விண்ணப்பிக்கலாம்.