ஆளுக்கொரு மெத்தை விரிச்சா கடையில எடம் ஏது?

கேள்வி: அண்ணே, எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் சிஸ்டம் பாத்துக்கறேன். லினக்ஸ் சர்வர், 16 ஜிபி ரேம், டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல் 8.0, பில்லிங் சாஃப்ட்வேரும் அதே மெஷின்லதான். சாயங்காலம் கூட்டம் ஏறுனா பில்லு வர்றதுக்குள்ள கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடறாங்க. யாரோ சொன்னாங்கன்னு சார்ட் பஃபர் சைஸ 256 எம்பி ஆக்குனேன், இப்ப மைஎஸ்க்யூஎலே தானா செத்துப்போவுது. கொயரி கேஷ் போட்டா சரியாவுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கொயரி கேஷ, அதாவது ஒரு தடவ கேட்டதுக்கு வந்த பதில எடுத்து வெச்சுக்கற வசதிய, மறந்துடுங்க தம்பி, 8.0லயே அத தூக்கிட்டாங்க, கான்ஃபிக்ல அந்த வரிய எழுதுனா சர்வர் ஸ்டார்ட்டே ஆவாது.

சார்ட் பஃபர்ங்கறது டேட்டாவ வரிசைப்படுத்த ஒதுக்கற ரேம், அது பொதுச்சொத்து இல்ல, கனெக்‌ஷனுக்கு கனெக்‌ஷன் தனி. உங்க கடையில பொடவை விரிச்சுக் காட்ட மெத்தை போடுவாங்கல்ல, ஒவ்வொரு சேல்ஸ்மேனும் கடை அகலத்துக்கு எனக்கு ஒன்னு வேணும்னா கஸ்டமர் எங்க நிப்பாங்க? 40 கனெக்‌ஷன் ஒரே நேரத்துல பெரிய ரிப்போர்ட்ட சார்ட் பண்ணுதுன்னு வைங்க, ஆளுக்கு 256 எம்பி, 10 ஜிபி காலி, ரேம் தீந்ததும் லினக்ஸ் கெர்னல் எவன் அதிகமா தின்றான்னு பாத்து அவனையே போட்டுத் தள்ளிடும், அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்தான். கெர்னலோட பதிவ காட்டற டிமெஸ்ஜி கமாண்ட் அடிச்சு 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு வரி இருக்கான்னு தேடுங்க. செட்டிங்க பழையபடி 256 கேபிக்கே கொண்டாங்க. கேபி, எம்பி இல்ல!

ரேம கொட்ட வேண்டிய எடம் இன்னோடிபி பஃபர் பூல், அதாவது மைஎஸ்க்யூஎல் டேட்டாவ ரேம்லயே வெச்சுக்கற எடம். இது எல்லா கனெக்‌ஷனுக்கும் பொதுவான ரேக்கு மாதிரி, ரேக்குல இல்லாத சரக்குக்கு பையன் பின்சந்து குடோனுக்கு ஓடணும், அந்த குடோன்தான் டிஸ்க். டிஃபால்ட்டா வெறும் 128 எம்பிதான், பாதி பேரு அதத் தொடறதே இல்ல. டேட்டாபேஸ் மட்டும் ஓடற மெஷின்னா ரேம்ல முக்கால்வாசி குடுக்கலாம், உங்களுக்கு பில்லிங்கும் கூடவே இருக்கறதால 8 ஜிபில ஆரம்பிங்க, மொத்த டேட்டாவே 3 ஜிபின்னா அதுவும் தேவையில்ல. செட் பெர்சிஸ்ட் கமாண்ட் போட்டு மாத்துனா ரீஸ்டார்ட் வேணாம், அடுத்த தடவ ஆன் பண்ணாலும் நிக்கும். தீபாவளி வாரத்துல மட்டும் கை வெக்காதீங்க, மொதலாளி சும்மா விடமாட்டாரு.

அப்புறம் சாயங்காலம் 6 மணிக்கும் 7 மணிக்கும் இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ், ரீட் ரிக்வெஸ்ட்ஸ் ரெண்டு நம்பரையும் குறிச்சு, ஒவ்வொன்னுலயும் 7 மணி கணக்குல இருந்து 6 மணி கணக்க கழிச்சுப் பாருங்க. மொதல் நம்பர் குடோனுக்கு ஓடுன கணக்கு, ரெண்டாவது மொத்தமா கேட்ட கணக்கு. ஆயிரத்துக்கு ஒன்னு ரெண்டுன்னா ஜோரு, நூறுக்கு அஞ்சு பத்துன்னா ரேக்கு பத்தல. ரேக்கு பத்தியும் பில்லு இழுத்தா நேரம் இழுக்கற கொயரிய குறிச்சு வெக்கற ஸ்லோ கொயரி லாக்க ஆன் பண்ணுங்க, பில் தேதிக்கு இண்டெக்ஸ் (சட்டுனு தேடி எடுக்க உதவுற அட்டவணை) இல்லாம மொத்த டேபிளையும் துழாவற கொயரி ஒன்னாவது மாட்டும்னு தோணுது.