தீயோடு வாழ்ந்த மரங்கள் தீயில் மடிவது ஏன்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டுமே இயற்கையாக வளரும் மாபெரும் செக்வோயா மரங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஈராயிரம் ஆண்டுகளாக எத்தனையோ காட்டுத்தீயைக் கண்ட மரம் என்கிறார்கள். அதை அலுமினியத் தாளால் சுற்றிக் காக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: தாள் சுற்றப்பட்டது 2021 செப்டம்பரில். மின்னலால் மூண்ட கே.என்.பி. காம்ப்ளெக்ஸ் என்னும் தீ, செக்வோயா தேசியப் பூங்காவிலுள்ள ஜயண்ட் ஃபாரஸ்ட் தோப்பை நெருங்கியபோது, அங்கு நிற்கும் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடிப்பகுதியைப் பணியாளர்கள் அனல் தாங்கும் அலுமினியப் போர்வையால் போர்த்தினார்கள். சுமார் 84 மீட்டர் உயரமும், அடியில் 11 மீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவும், ஏறத்தாழ 2,200 ஆண்டு வயதும் கொண்ட அம்மரம், தண்டின் கன அளவில் உலகிலேயே மிகப் பெரியது. பழைய தீக்கள் அடிமரத்தில் குடைந்துவிட்டுப் போன பொந்துகளின் வழியே நெருப்பு உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதே போர்த்தியதன் நோக்கம்.

அந்தப் பொந்துகளே உங்கள் கேள்வியின் முதற்பாதிக்குச் சான்று. செக்வோயாவின் பட்டை நாரும் பஞ்சும் கலந்தது போலிருக்கும். முதிர்ந்த மரத்தில் அது 60 சென்டிமீட்டர் தடிமன் வரை வளர்ந்துவிடும். எளிதில் பற்றிக்கொள்ளும் பிசின் அதில் மிகக் குறைவு. வளர வளரக் கீழ்க்கிளைகள் உதிர்ந்துவிடுவதால், தரையில் எரியும் நெருப்பு எட்ட முடியாத உயரத்தில்தான் அதன் இலைகள் இருக்கின்றன. பட்ட காயத்தின்மேல் புதிய மரம் வளர்ந்து மூடுவதால், ஆண்டு வளையங்களுக்கு நடுவே ஒவ்வொரு தீயும் ஒரு கரிய தழும்பாகப் பதிவாகிவிடுகிறது. அவற்றை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், பல தோப்புகளில் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு முறையேனும், சிலவற்றில் அதைவிட அடிக்கடியும், தீ வந்து போயிருப்பதைக் கண்டார்கள். அவை பெரும்பாலும் சருகையும் சுள்ளியையும் எரித்து அடங்கிய சிறு தீக்கள். மின்னல் மூட்டியவை சில. அம்மலைகளின் தொல்குடியினரான மோனோ, யோகட்ஸ் முதலிய மக்கள் காட்டைப் பேணுவதற்காக வேண்டுமென்றே மூட்டியவை வேறு சில.

இந்த ஒழுங்கு குலைந்ததற்குக் காரணம், கெடுதல் செய்யும் எண்ணம் எதுவும் இல்லை. காக்கும் எண்ணமே என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. தொல்குடியினர் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டு, அவர்கள் மூட்டிய தீ நின்றுபோனது. 1890இல் செக்வோயா தேசியப் பூங்கா உருவானது. காட்டில் நெருப்பு என்றாலே அழிவு என்று கருதிய அதிகாரிகள் கண்ட தீயையெல்லாம் அணைத்தார்கள். தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் எந்தத் தீயையும் அடக்கிவிட வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத்துறை விதியே வகுத்தது. இப்படி நூறாண்டு எரியாமல் கிடந்த சருகு தரையில் மெத்தையாகக் குவிந்தது. நிழலில் முளைக்கும் வெள்ளை ஃபிர் மரங்கள் பெருமரங்களைச் சுற்றி நெருக்கமாக வளர்ந்து, தரை நெருப்பு உச்சிக்கு ஏறும் ஏணிகளாயின. வெப்பம் மிகுந்துவரும் காலத்தில், 2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சி கலிஃபோர்னியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்று, இந்தக் குவியலின்மேல் காய்ந்த விறகாகச் சேர்த்தது. பட்டை எவ்வளவு தடித்திருந்தாலும், நெருப்பு உச்சியில் இலைகளையே கருக்கிவிட்டால் செக்வோயாவால் பிழைக்க முடியாது. கடலோரச் செம்மரம் என்று சொல்லத்தக்க அதன் உறவு மரம் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். முதிர்ந்த செக்வோயாவுக்கு அந்த வழியும் இல்லை.

கேள்வி: உண்மையில் எத்தனை மரங்கள் மடிந்தன? (மதுரை வாசகர்)

பதில்: 2020இல் எரிந்த காஸில் தீயில் மட்டும் 7,500 முதல் 10,600 வரையிலான பெரிய செக்வோயாக்கள் மடிந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2021இல் கே.என்.பி. காம்ப்ளெக்ஸ், விண்டி ஆகிய தீக்களில் மேலும் 2,261 முதல் 3,637 வரை. நான்கு அடிக்கு மேல் குறுக்களவுள்ள மரங்களை மட்டுமே கொண்ட கணக்கு இது. இரண்டே ஆண்டுகளில், உலகிலுள்ள இத்தகைய மரங்களில் 13 முதல் 19 விழுக்காடு போய்விட்டது.

கேள்வி: அப்படியானால் தீயே வராமல் தடுப்பதுதானே முறை? (தேனி வாசகர்)

பதில்: அதைத்தான் நூறாண்டு செய்து பார்த்தார்கள். சருகு குவிந்தது ஒருபுறமிருக்க, 1960களில் ரிச்சர்ட் ஹார்ட்டஸ்வெல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மற்றொரு விளைவையும் தெளிவாக்கினார்கள்: தீ அண்டாத தோப்புகளில் செக்வோயாவின் இளங்கன்றுகளைக் காண்பதே அரிதாகிவிட்டது.

செக்வோயாவின் கூம்புக்காய் கோழிமுட்டை அளவே இருக்கும். பழுத்ததும் உதிர்ந்துவிடாமல், பச்சையாக மூடியபடியே இருபது ஆண்டுவரை கிளையில் தங்கியிருக்கும். அடியில் தீ எரியும்போது மேலெழும் வெப்பம் காய்களை உலர்த்த, அவை திறந்து, அவல்போல் மெல்லிய விதைகளைக் கொட்டுகின்றன. சருகு மெத்தையின்மேல் விழுந்த விதை வேர் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். சருகு எரிந்து வெறுமண் தெரியும் இடத்தில், சிறு மரங்கள் கருகியதால் வெயில் இறங்கும் இடைவெளியில்தான் அது முளைத்து நிலைக்கும். விதையைத் திறப்பதும், நிலத்தைப் பண்படுத்துவதும், வெளிச்சத்துக்கு வழிவிடுவதும் ஒரே நெருப்பு. இதை உணர்ந்த பின்னரே, 1960களின் இறுதியில், பூங்கா நிர்வாகம் ஈரப்பதமும் காற்றும் ஒத்துவரும் நாட்களில் தானே அளவோடு தீ மூட்டத் தொடங்கியது. மூட்டப்பட்ட பரப்பு தேவைக்கு முன் மிகச் சிறியது என்பதே என் குறை. புகை பற்றிய புகார்களும், தீ கைமீறிவிடுமோ என்ற அச்சமும், ஏற்ற நாட்கள் குறைந்து வருவதும் அதற்குத் தடைகள்.

கேள்வி: தீயில் விதை முளைக்கும் என்றால், 2020க்குப் பிறகு அந்த மலை முழுதும் கன்றுகள் நிறைந்திருக்க வேண்டுமே? (திருச்சி, கல்லூரி மாணவி)

பதில்: சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். மிகக் கொடிய தீ உச்சிவரை ஏறும்போது காய்களும் விதைகளும் சேர்ந்தே கருகுகின்றன. தாய்மரங்களும் செத்துவிடுவதால் அடுத்த ஆண்டு விதை கொட்ட எவரும் இல்லை. அப்படிப்பட்ட சில பகுதிகளில் தேசியப் பூங்காத் துறை நாற்று நட முனைந்திருக்கிறது. மனிதக் கை படாத வனமாகச் சட்டம் காக்கும் நிலத்தில் நடுவது தகாது என்று எதிர்ப்பவர்களும் உள்ளனர். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த அழிவில் மனிதக் கை ஏற்கெனவே ஆழப் படிந்திருப்பதால், நடுவதே சரியென்று எனக்குப் படுகிறது.

கேள்வி: ஜெனரல் ஷெர்மனை அந்த அலுமினியப் போர்வைதான் காப்பாற்றியதா? (சென்னை வாசகி)

பதில்: மரம் நலமாக நிற்கிறது, போர்வையையும் அகற்றிவிட்டார்கள். ஆனால் ஜயண்ட் ஃபாரஸ்ட் தோப்பில் பல பத்தாண்டுகளாகவே அளவோடு தீ மூட்டிச் சருகைக் குறைத்து வந்திருந்தார்கள். அங்கு தீ தணிந்து நடந்துகொண்டதற்கு அதையே பூங்கா அலுவலர்கள் முதற்காரணமாகச் சொன்னார்கள். 2022 ஜூலையில் யோசெமிட்டி பூங்காவின் மாரிபோசா தோப்பை வாஷ்பர்ன் தீ நெருங்கியபோதும் இதுவே நடந்தது. கிரிஸ்லி ஜயண்ட் என்னும் முதுமரத்தைச் சுற்றி நீர்தெளிப்பான்களை வைத்து ஈரமாக்கினார்கள் என்பது படங்களோடு செய்தியாக வந்தது; 1970களிலிருந்தே அந்தத் தோப்பில் மூட்டப்பட்டு வந்த சிறு தீக்களைப் பற்றி அவ்வளவாக எவரும் எழுதவில்லை.